தரையிலிருந்து முகட்டுக்கு: நம் வீட்டு வெளிச்சம் வந்த வழி

 

போன கிழமை பாடசாலை விட்டுப் போகும்போது ஒரு மாணவியின் தாய் வழியில் மறித்தார். வீட்டுக்குப் புதிதாகச் சீலிங் அடித்திருக்கிறார்களாம். "சேர், மேலை பூட்டின லைற் ஒரு வருஷத்துக்குள்ள மூண்டு போட்டுது. இனி என்ன லைற் வாங்கிப் போடுறது? எப்பிடிப் பாதுகாக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் சரித்திரம் படிப்பிக்கிற ஆட்கள். மின்சார வேலை படித்தவர்கள் அல்லர். என்றாலும் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்தோம். யோசிக்க யோசிக்க, அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருப்பது தெரிந்தது. நம் வன்னியில் விளக்கு தரையை விட்டு மேலே ஏறி முகட்டைத் தொட எத்தனை காலம் எடுத்தது என்ற கதை அது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். அந்தத் தாய்க்கான பதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறோம். அதற்கும் பிறகு எங்களுடைய ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

*

மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னர் வன்னி வீடுகளில் எரிந்தது மரம் தந்த எண்ணெய். இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய், வசதி உள்ளவர்களிடம் தேங்காயெண்ணெய். இலுப்பை மரம் நம் பக்கத்துக் குளக்கட்டுகளிலும் கோயில் வீதிகளிலும் நின்ற மரம். அதன் கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெய் கோயில் விளக்குக்கும் போனது, வீட்டு அகலுக்கும் போனது.

அந்த விளக்குகள் எங்கே இருந்தன? தரையில், திண்ணையில், சுவரில் குடைந்த மாடத்தில். முகட்டில் அல்ல. காரணம் எளிது. கூரை கிடுகு அல்லது வைக்கோல். தலைக்கு மேலே நெருப்பைத் தொங்கவிட எந்தக் குடும்பமும் துணியாது. அதனால் நம் முன்னோரின் வெளிச்சம் எப்போதும் கீழிருந்து மேலே போனது. சுவரில் விழுந்த நிழல்கள் ஆளை விடப் பெரிதாக இருந்தன. பேய்க்கதைகள் பலவற்றுக்கும் அந்த நிழல்களே தாய் என்று வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

அப்படியானால் தொங்கும் விளக்கு நம் நாட்டில் இருக்கவே இல்லையா? இருந்தது. கல்லாலும் ஓட்டாலும் கட்டிய இடங்களில் இருந்தது. கேகாலை மாவட்டத்தில் தெதிகம என்ற ஊரில் உள்ள கொட்டவெஹெர தாதுகோபத்தில் 1951ஆம் ஆண்டு ஒரு வெண்கல யானை விளக்கு கண்டெடுக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டுக்குரியது. சங்கிலியில் தொங்குகிற விளக்கு. நடுவில் நிற்கும் யானையின் வயிறுதான் எண்ணெய்த் தாங்கி. கீழே உள்ள தட்டில் எண்ணெய் குறைந்தால் காற்று உள்ளே போகும், யானையிலிருந்து எண்ணெய் தானாக வழியும். தட்டு நிரம்பினால் காற்று போகும் வழி அடைபட்டு எண்ணெய் நிற்கும். யாரும் ஏணி வைத்து ஏறி எண்ணெய் விடத் தேவையில்லை. நம் கோயில்களில் தொங்கும் தூண்டாமணி விளக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த அறிவு புதிதாக இராது. மேலே தொங்குகிற விளக்குக்கு இரண்டு சிக்கல்கள் எப்போதும் உண்டு. ஒன்று, அடிக்கடி எட்டித் தொட முடியாது. மற்றது, பிழைத்தால் தலையில் விழும். எண்ணூறு வருடத்துக்கு முன்னிருந்த அந்தக் கம்மாளரும் இந்த இரண்டையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார். இன்று சீலிங் லைற் வாங்குகிறவரும் யோசிக்க வேண்டியவை இந்த இரண்டுதான்.

*

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் கப்பலேறி வந்தது. எங்கள் உம்மம்மா கடைசிவரைக்கும் அதை "லாம்பெண்ணெய்" என்றே சொன்னார். அதோடு குப்பிவிளக்கு வந்தது, சிமினி விளக்கு வந்தது, அரிக்கேன் லாம்பு வந்தது. அரிக்கேன் லாம்புக்கு ஒரு வளையக் கைப்பிடி. அதை வளையில் அடித்த ஆணியிலோ கம்பிக் கொளுக்கியிலோ மாட்டலாம். வன்னியின் சாதாரண வீட்டில் வெளிச்சம் முதன்முதலாகத் தலைக்கு மேலே ஏறியது அந்த ஆணியில்தான். கண்ணாடிக்குள் நெருப்பு அடைபட்டதால் கிடுகுக்குக் கீழேயும் ஓரளவு பயமில்லாமல் தொங்கவிட முடிந்தது.

கலியாணம், கந்தூரி, திருவிழா, செத்தவீடு என்றால் பெற்றோமக்ஸ். 1910ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் மக்ஸ் கிறெற்ஸ் என்பவரின் தொழிற்சாலையில் உருவான விளக்கு அது. அவருடைய பெயரின் "மக்ஸ்" தான் விளக்கின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. காற்றடித்து, வலைத்திரியைக் கவனமாகக் கட்டி, ஒரு ஆள் அதற்கென்றே பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் தண்ணீரூற்றுப் பள்ளிவாசலில் நோன்பு காலத்துத் தராவீஹ் தொழுகைக்கு அந்த விளக்கைக் கொளுத்துவது ஒரு பெரியவரின் பொறுப்பு. அதன் "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு நோன்பு வந்த மாதிரி.

மின்சாரமோ வேறு பாதையால் வந்தது. 1895இல் கொழும்பில் பௌஸ்டெட் சகோதரர்களின் நிறுவனம் முதலில் மின்சாரம் வழங்கியது. பிரிஸ்டல் ஹோட்டலில் பல்ப் எரிந்தது. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து இந்த நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். அதிகாரத்தில் இருந்தவர்கள் அதை விரைவாகக் கையில் எடுக்கவில்லை. அவர் சொன்ன லக்ஷபான 1950இல்தான் ஓடத் தொடங்கியது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. ஆனால் கம்பி நகரங்களுக்கு முதலில் போனது. பெரிய வீதியோரம் அடுத்ததாகப் போனது. காட்டோரத்து வயல் கிராமங்களுக்குக் கடைசியாக வரவேண்டும். அந்தக் "கடைசி" வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

*

1990 ஜூன் மாதம் சண்டை மீண்டும் தொடங்கியபோது வடக்குக்குப் பொருட்கள் வருவது தடைப்பட்டது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றறி, மெழுகுதிரி எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருந்தன. அந்தத் தடை பெரும்பாலும் தளர்ந்தது 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். ஏறத்தாழ பன்னிரண்டு வருடம். ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் சேர்ந்து உயர்தரப் பரீட்சைக்கு வருகிற காலம் அது.

இந்தக் காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு ஜாம் போத்தல் விளக்கு. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையும் அளவுக்குமட்டும் மண்ணெண்ணெய். கம்பித் துண்டிலோ சயிக்கிள் ரியூப்பின் வால்விலோ மெல்லிய திரியைக் கோர்த்து உள்ளே நிறுத்தினால், சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். போத்தலின் கண்ணாடியே சிமினி. காற்று அணைக்காது. எண்ணெய் பஞ்சில் ஊறியிருப்பதால் தட்டுப்பட்டாலும் குப்பிவிளக்குப் போலக் கொட்டி ஓடாது. முக்கியமாக, ஒரு சொட்டு எண்ணெயில் நீண்ட நேரம் எரியும். எந்தப் பொறியியலாளரும் அதற்கு உரிமை கேட்கவில்லை. தாய்மார் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள். அந்த வெளிச்சத்தில் படித்த பலர் இன்று வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர்.

எங்கள் குடும்பத்துக்கும் அந்த விளக்குக்கும் உள்ள உறவு நெடுங்கேணியில்தான் தொடங்கியது.

1990 ஒக்டோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். எங்களுக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீரூற்றிலிருந்து ஒட்டுசுட்டான் பாதையால் உழவு இயந்திரப் பெட்டியில் வந்தோம். வாப்பா, உம்மா, உம்மம்மா, லாத்தா, நாங்கள். வீட்டு வளையில் தொங்கிய அரிக்கேன் லாம்பை உம்மா கழற்றவில்லை. "வந்து கொளுத்த வேணும்தானே" என்றாராம். திரும்பி வருவது சில கிழமையில் நடக்கும் என்று நம்பிய காலம்.

நெடுங்கேணிக்கு வரும்போது இருண்டுவிட்டது. மழை தூறியது. உழவு இயந்திரம் மேலே போகாது, விடியத்தான் என்றார்கள். பாதையோரத்தில் ஒரு வீட்டுக் கொட்டிலில் ஒதுங்கினோம். அந்த வீட்டு அம்மா கேத்தலில் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அவருடைய வீட்டிலும் எரிந்தது ஒரே ஒரு விளக்கு. விடியப்புறம் நாங்கள் வெளிக்கிடும்போது இன்னும் இருட்டு. அவர் அந்த ஜாம் போத்தலைக் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தார். "பிள்ளையளோட இருட்டுக்குள்ள எப்பிடிப் போகப்போறியள்? கொண்டுபோங்கோ. நாங்கள் இன்னொண்டு செய்யலாம்."

போத்தல் இன்னொன்று செய்யலாம். எண்ணெய்? அதை அவர் சொல்லவில்லை. உம்மாவும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எண்ணெயின் விலை என்னவென்று உம்மாவுக்குத் தெரியும்.

*

புத்தளத்தில் ஓலைக் கொட்டில்கள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கிடுகுக் கூரை, கிடுகுச் சுவர், உள்ளே குப்பிவிளக்கு. எங்கள் வரிசையில் ஒரு இரவு விளக்கு சரிந்து ஒரு கொட்டில் எரிந்தது. நாலு கொட்டில் சேர்ந்து போனது. ஒரு சின்னப் பிள்ளையின் கை வெந்தது. அதற்குப் பிறகு உம்மா வீட்டில் குப்பிவிளக்கை வைக்கவில்லை. நெடுங்கேணிப் போத்தலைத்தான் வைத்தார்.

உறங்கப் போகும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக ஹதீஸில் வருகிறது. அதை ஓதிக் கொடுத்த உம்மம்மா, தானே எழும்பி ஒவ்வொரு இரவும் அணைத்தாரா என்று பார்ப்பார்.

இந்த ஆபத்தைத் தெற்கிலும் ஒருவர் கண்டார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடக்கும்புர. போத்தல் விளக்குச் சரிந்து எரிகாயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். காயத்துக்கு மருந்து கட்டுவதோடு நிற்காமல் விளக்கையே மாற்ற நினைத்தார். மாமைற் போத்தலின் குட்டையான பருத்த உருவத்தைப் பார்த்து ஒரு விளக்கு வடிவமைத்தார். பாரமான அடி. சரிந்தாலும் உருண்டு போகாமல் இரண்டு தட்டைப் பக்கங்கள். தடித்த கண்ணாடி. எண்ணெய் கொட்டாத திருகு மூடி. "சுதீப" என்று பெயர். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு மாமைற் போத்தலும் ஒரு ஜாம் போத்தலும். ஒரே நாடு, ஒரே காலம். அங்கே பாதுகாப்புக்காக யோசித்தார்கள், இங்கே தட்டுப்பாட்டுக்காக யோசித்தார்கள். இரண்டு பக்கமும் போத்தல்தான் காப்பாற்றியது.

*

நாங்கள் இல்லாத காலத்தில் இங்கே என்ன நடந்தது என்பதை நாங்கள் சொல்ல உரிமை இல்லை. உங்களில் பலர் அதை அனுபவித்தவர்கள். எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறோம்.

1997 மே மாதம் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது நெடுங்கேணி மக்கள் எழும்பி ஓடினார்கள். 1999 நவம்பரில் இடம் மீண்டும் கைமாறியது. பிறகு 2008, 2009. அந்த ஆசிரியை சொன்னார்: "சேர், எங்களுக்கு வெளிச்சம் எண்டா பயம். பிளேன் சத்தம் கேட்டா அம்மா முதல்ல விளக்கைத்தான் நூப்பா. மேலை வெளிச்சம் வந்தா அது பரா லைற். எங்கட தலைக்கு மேலை தொங்கின லைற் அதுதான்."

அந்தச் சொல்லைக் கேட்டபிறகு எங்களுக்கு ஒன்று விளங்கியது. இந்த ஊரில் ஒரு தாய் வீட்டு முகட்டில் ஒரு லைற்றைப் பூட்டி, அதை இரவு பூட்டிய கதவுக்குள் பயமில்லாமல் எரியவிடுவது சின்ன விசயம் அல்ல. அதனால்தான் அந்தத் தாயின் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறோம்.

*

போர் முடிந்தபின் மக்கள் திரும்பினார்கள். தகரக் கொட்டில் வந்தது. பிறகு கல்வீடு வந்தது. இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்டது 2010இல். வீட்டுக்காரர் தானே நின்று கட்டும் முறையில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். மின்கம்பங்கள் ஒழுங்கைக்குள் வந்தன. வயரிங் செய்தார்கள், மீற்றர் பூட்டினார்கள். சுவிட்சை முதன்முதல் போட்ட அந்த இரவை மறந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

நம் ஊருக்கு மின்சாரம் பிந்தி வந்ததால் ஒரு நன்மையும் கிடைத்தது. கொழும்பு நூறு வருடமாக ஏறிய படிகளை நாம் ஒரே பாய்ச்சலில் தாண்டினோம். குண்டு பல்ப், ரியூப் லைற், சுருள் சீ.எஃப்.எல்., எல்.ஈ.டி. என்று அவர்கள் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். நம்மில் பலர் மண்ணெண்ணெயிலிருந்து நேரே சீ.எஃப்.எல்.லுக்கும் எல்.ஈ.டி.க்கும் வந்தோம். எல்.ஈ.டி. வெள்ளை வெளிச்சம் தருவதற்கு நீல நிற எல்.ஈ.டி. தேவைப்பட்டது. அதைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் வெளிச்சம் முகட்டில் ஏறினால் அங்கேயே நிற்கும் என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. போத்தல் விளக்கைத் தேடினால் எண்ணெய் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மின்கட்டணமும் அந்த ஓகஸ்டில் ஒருதரம், 2023 பெப்ரவரியில் ஒருதரம் என்று இரண்டு தடவை கடுமையாக ஏறியது. 2022க்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி 23 தொடங்கி பெப்ரவரி 17 வரை நடந்தபோது, பிள்ளைகளுக்காக மின்வெட்டை நிறுத்துங்கள் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டும் வெட்டு தொடர்ந்தது. எங்கள் மாணவர் சிலர் தொலைபேசி லைற்றில் படித்தார்கள். எரிபொருள் இல்லாத நாட்டில் வன்னிப் பிள்ளைகள் மீண்டும் தகப்பன் தாயின் காலத்துக்குப் போய்வந்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது வேறு கதை. குரங்கால் படும் பாட்டை வன்னி விவசாயியிடம் கேட்டிருந்தால் முன்னமே எச்சரித்திருப்பார்.

*

இனி அந்தத் தாய்க்குப் பதில். ஊரில் அனுபவமுள்ள மின்வேலையாளர் ஒருவரிடம் கேட்டு, சரிபார்த்துத்தான் எழுதுகிறோம்.

முதலாவது, வற்றைப் பார்த்து வாங்க வேண்டாம், லூமனைப் பாருங்கள். வற் என்பது லைற் குடிக்கும் மின்சாரம். லூமன் என்பது அது தரும் வெளிச்சம். பழைய 60 வற் குண்டு பல்ப் ஏறத்தாழ 700 முதல் 800 லூமன் தந்தது. அதே வெளிச்சத்தை 9 வற் எல்.ஈ.டி. தரும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரித்தால் குண்டு பல்புக்கு மாதம் 9 யுனிற். எல்.ஈ.டி.க்கு ஒன்றரை யுனிற்றும் இல்லை. நாம் படித்த குப்பிவிளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் 10 முதல் 40 லூமன்தான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வெளிச்சத்தின் நிறம். பெட்டியில் 3000 கெல்வின் என்றால் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், 6500 என்றால் நீலம் சாய்ந்த வெள்ளை. விறாந்தைக்கும் படுக்கும் அறைக்கும் மஞ்சள் நல்லது. மாரி தொடங்கியதும் ஈசலும் பூச்சியும் வெள்ளை லைற்றுக்குத்தான் கூடுதலாக வரும். சமையலறைக்கு வெள்ளை பரவாயில்லை.

மூன்றாவது, லைற் ஏன் சீக்கிரம் போகிறது. எல்.ஈ.டி.யில் வெளிச்சம் தரும் சில்லு இலகுவில் சாகாது. உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னச் சுற்றுத்தான் சூட்டினால் சாகிறது. சீற் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் பகல் முழுக்க வெக்கை அடைபட்டுக் கிடக்கும். அதற்குள் புதைத்துப் பூட்டும் லைற்றுகள் அந்த வெக்கையில்தான் வேகின்றன. முழுதாக மூடிய கண்ணாடிக் குடத்துக்குள் கூடிய வற் பல்ப் போட்டாலும் இதே கதி. சீலிங்குக்கு வெளியே தொங்கும் ஹோல்டர், அல்லது சீலிங்கின் மேற்பரப்பிலேயே பூட்டும் லைற், நம் ஊர் வீட்டுக்குப் பொருத்தம். கூரையில் காற்றுப் போகத் துவாரம் விடுங்கள். பெட்டியில் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதக் காலத்தைக் கேளுங்கள். பற்றுச்சீட்டைப் பெட்டியோடு வைத்திருங்கள். மூன்று லைற் போன வீட்டில் ஒரு பற்றுச்சீட்டும் இருக்கவில்லை என்பதை அந்தத் தாய் எங்களிடம் ஒப்புக்கொண்டார்.

நான்காவது, வயர். சீலிங்குக்கு மேலே வயரைத் தீராந்தியில் ஆணியடித்துக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எலியும் அணிலும் அதைக் கடிக்கும். உம்மம்மா ஓதித் தந்த ஹதீஸில் எலி இழுத்தது திரியை. இன்று அது கடிப்பது வயரை. ஆபத்து ஒன்றுதான். வயர் பிவிசி குழாய்க்குள் போக வேண்டும். சுவிட்ச் உயிர்க்கம்பியைத் துண்டிக்க வேண்டும், மற்றக் கம்பியை அல்ல. சுவிட்சை நிறுத்திய பிறகும் லைற் மங்கலாக மினுங்கினால் அதைப் பேய் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரும்பாலும் கம்பி மாறிப் பூட்டியதன் அடையாளம் அது. தகுதியுள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஐந்தாவது, பராமரிப்பு. மாதம் ஒருதரம் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது உங்களைக் காப்பாற்றாது. இடி மின்னலுக்கு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஒரு மின்னலுக்கு ஒரு வீட்டின் எல்லா எல்.ஈ.டி.யும் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருதரம் தூசியையும் பூச்சிச் செட்டையையும் துடையுங்கள். மெயினை நிறுத்தி, லைற் ஆறியபிறகு, உலர்ந்த துணியால். ஈரத்துணி வேண்டாம். பிளாஸ்ரிக் கதிரையில் ஏற வேண்டாம், மர ஏணியில் ஏறுங்கள், கீழே ஒருவர் பிடிக்கட்டும். சீ.எஃப்.எல். உடைந்தால் அதற்குள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னலைத் திறந்துவிட்டு, தும்புத்தடியால் கூட்டாமல் மட்டைத் துண்டால் அள்ளுங்கள்.

கடைசியாக, படிக்கும் பிள்ளைக்கு முகட்டு லைற் மட்டும் போதாது. தலைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் கொப்பியில் பிள்ளையின் நிழலைத்தான் போடும். மேசையில் ஒரு சின்ன விளக்கு வையுங்கள். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கம். முகட்டுக்கு ஏறிய விளக்கை மீண்டும் கீழே இறக்கச் சொல்கிறோம் என்று சிரிக்க வேண்டாம். நம் தாய்மார் போத்தலைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தது எண்ணெய்க்காக மட்டும் அல்ல.

*

இப்போது எங்கள் வேண்டுகோள்.

நெடுங்கேணி அம்மா தந்த போத்தல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. உம்மா மௌத்தாவதற்கு முன் அதைக் கழுவி, பஞ்சை எடுத்து, துணியில் சுற்றி எங்களிடம் தந்தார். "வாங்கின சாமான். திருப்பிக் குடுக்க வேணும்" என்றார். தண்ணீரூற்றில் நாங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது எங்கள் வீடும் இல்லை, வளையும் இல்லை, அரிக்கேன் லாம்பும் இல்லை. நெடுங்கேணிக்கு ஆசிரியராக வந்த முதல் மாதமே அந்தக் கொட்டிலைத் தேடினோம். ஒட்டுசுட்டான் பாதையால் வரும்போது கைப்பக்கம் ஒரு புளியமரம், கிணறு, கொட்டில். இவ்வளவுதான் ஒன்பது வயதுப் பிள்ளையின் ஞாபகம். அந்தப் பாதையோரத்து வீடுகள் எத்தனை தரம் அழிந்து எத்தனை தரம் கட்டுப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த அம்மாவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. 1990 ஒக்டோபர் மழை இரவில் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கொட்டிலில் இடம் கொடுத்து, விடியப்புறம் விளக்கைக் கொடுத்தனுப்பிய வீடு யாருடையது என்று உங்கள் அம்மம்மாவிடம், அப்பாச்சியிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய பிள்ளையோ பேரப்பிள்ளையோ எங்கள் வகுப்பில்கூட இருக்கலாம். தெரிந்தால் பாடசாலைக்கு வந்து சொல்லுங்கள். போத்தலோடு ஒரு லீற்றர் மண்ணெண்ணெயும் கொண்டுவருவோம். கடன் போத்தலுக்கு மட்டும் அல்லவே.

எல்லோருடைய வீட்டிலும் வெளிச்சம் நிலைக்கட்டும்.